கரட்டுச் சரிவின் கற்கள்

அந்தச் சரிவுக்காகத்தான் மரியசெல்வி இவ்வளவு பாடும் பட்டிருந்தாள். அந்தச் சரிவுதான் இப்போது மாவு தேய்த்த பலகை மாதிரி வழவழவென்று கிடந்தது.

சைக்கிளை வேலிக்கருவை மரத்தில் சாய்த்துவிட்டு மேலேயிருந்து பார்த்தாள். முழங்கால் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருந்த கற்களைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதில் செம்மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து மேடாக்கியிருந்தார்கள். சரிவு முடிகிற இடத்தில் இரண்டு வாழைக்கன்றுகள் நட்டு மாவிலைத் தோரணம் வேறு கட்டியிருந்தது.

"அக்கா, இதுல பஸ்ஸே வரும்" என்றான் கிளெமென்ட். அவளுடைய சித்தப்பா மகன். கொடிக் கட்டையும் சுண்ணாம்பு மூட்டையையும் தன் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரமாக அவள் பின்னால் அலைகிறவன்.

"வாயை மூடுறியா?"

மரியசெல்வி திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாநில அளவிலான மலைச் சைக்கிள் போட்டிக்குத் தேர்வுப் பந்தயம் எங்கே வைப்பது என்று அமைப்பாளர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஊட்டி என்று பேச்சு. ஊட்டி என்றால் அவள் போக முடியாது. மேட்டுப்பட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா ராயப்பராஜ் தெளிவாகச் சொல்லிவிட்டார். "மூணு நாளு வெளியூர்ல தங்கி, மலையில உருண்டு, கையைக் காலை ஒடிச்சுக்கிட்டு வரணுமா? நம்ம ஊர்ப் பக்கமா இருந்தா ஓட்டு. என் கண்ணு முன்னால ஓட்டு." இருபத்தைந்து வயதில் இதற்கு மேல் எப்படி வாதாடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் பந்தயத்தையே ஊர்ப் பக்கம் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஆத்தூர் அணைக்கு மேற்கே, கரட்டுப்பட்டிக்குப் பின்னால் இருக்கிற கல் குன்றான கரட்டைச் சுற்றி அவளே ஒரு பாதை கண்டுபிடித்தாள். பாறை, முள், ஏற்றம், கடைசியில் தண்ணீரைப் பார்த்து இறங்குகிற இந்தச் சரிவு. அமைப்பின் செயலாளர் பாக்கியராஜ் இன்று மதுரையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இங்கேயா ஊட்டியா என்று சொல்லப்போகிறார்.

தொந்தரவு திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. பள்ளி விட்டு வந்து, டேப் பிடித்து அளந்து, வழி நெடுகச் சிவப்புக் கொடி நட்டாள். செவ்வாய்க்கிழமை வந்தபோது கொடிகள் ஊர்க்காரி பேச்சாயியின் தக்காளித் தோட்டத்தை ஒட்டி நின்றன. பிடுங்கி மறுபடி நட்டாள். புதன்கிழமை அவை பெரியவர் உடையப்பனின் தென்னந்தோப்பு வாசலுக்குப் போயிருந்தன. கரட்டுப்பட்டிக்கு ரோடு போடுவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் சொல்லியிருந்தார்கள். தக்காளிப் பெட்டியைத் தலையில் சுமந்து கீழே தார் ரோட்டுக்குக் கொண்டுபோனால்தான் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற வண்டியில் ஏற்ற முடியும். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி டேப் பிடித்து அளந்து சிவப்புக் கொடி நட்டால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

"நல்ல தார் ரோடு கீழ கெடக்கையில பொம்பளப்பிள்ளை எதுக்குத் தாயி கல்லு மேல சைக்கிள் ஓட்டணும்?" என்று உடையப்பன் கேட்டார். "ரகசியமா சர்வே எடுக்குறேன்னு சொல்லு, ஒத்துக்கிறோம். எங்களைக் கேணைன்னு நெனைக்காத."

இப்போது அதே உடையப்பன் தலையில் துண்டும் தோளில் மம்பட்டியுமாக, வாயெல்லாம் பல்லாகச் சரிவில் ஏறி வந்தார். பின்னால் ஊர் சனம் பாதி வந்தது.

"வந்துட்டியா தாயி? ஆபீசரு எப்ப வாராரு?"

"யாருய்யா இதைச் செஞ்சது?"

"நாங்கதேன். நேத்துப் பொழுதன்னைக்கும் ஊரே சேந்து செஞ்சோம். ஆபீசரு வந்து பாக்கையில கரடுமுரடாக் கெடந்தா, இங்கிட்டு ரோடு ஆகாதுன்னு சொல்லிப்புட்டுப் போயிருவாருல்ல?"

"ஐயா, ரோடு இல்லைய்யா. சைக்கிள் பந்தயம். எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னே. அதுக்குத்தேன் சைக்கிள் போற மாதிரி செஞ்சு வச்சிருக்கோம்."

மரியசெல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கரட்டின் மேல்பாதியில் யாரும் கைவைக்கவில்லை. ரோடு வரும் என்று ஆசைப்பட அங்கே யாருக்கும் நிலமில்லை. ஆனால் இந்தச் சரிவு இல்லாவிட்டால் மிச்சப் பாதை ஒன்றுக்கும் ஆகாது. சறுக்கலும் கல்லும் பள்ளமும் இல்லாத பாதையைப் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

கைப்பேசி அடித்தது. பாக்கியராஜ்தான். "திண்டுக்கல்ல எறங்கிட்டேன்மா. டிபனை முடிச்சுட்டு வண்டி பிடிச்சு வாரேன்."

அவள் எழுந்தாள். "எடுத்த கல்லையெல்லாம் திரும்பப் போடுங்க."

கூட்டம் சிரித்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தியது. பேச்சாயி முன்னால் வந்தாள். புருஷன் போனபின் தனியாகத் தக்காளி போட்டு, தனியாகச் சுமந்து, தனியாக யாவாரியோடு சண்டை போடுகிறவள்.

"ஏத்தா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? கொத்துன கை இன்னும் காந்துது. வேணுமின்னா உன் சைக்கிளை நாங்க தூக்கிட்டு வாரோம்."

"எனக்கு நீங்க தூக்கிட்டு வர வேணாம்க்கா. எனக்குக் கல்லு வேணும். கல்லு இல்லைன்னா பந்தயம் ஊட்டிக்குப் போயிரும். ஊட்டிக்குன்னா எங்கப்பா விடமாட்டாரு. அம்புட்டுத்தான்."

அவளுடைய குரல் உடைந்துபோனதை அவளே எதிர்பார்க்கவில்லை. பேச்சாயி இன்னும் கிட்டே வந்தாள்.

"அப்ப நெசமாவே ரோடு இல்லையா?"

"நெசமாவே இல்லைக்கா."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு போல ஏதோ போயிற்று. யாரோ, "நாந்தேன் அன்னைக்கே சொன்னேனே" என்றார்கள். யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை.

பேச்சாயிதான் முதலில் தேறினாள். "சரி. ரோடு வரலைன்னா என்ன, இதுதேன் ரோடு. நாளைக்கே இதுல குட்டியானை வண்டி வந்து தோட்டத்து வாசல்ல பெட்டி ஏத்தும். இதை நீ நோண்டக் கூடாது."

"நோண்டலை. அந்தா, பக்கத்துல ஓடை இருக்குல்ல? மழைத்தண்ணி அரிச்சது. அதுல எனக்குக் கல்லைப் போட்டுக் குடுங்க. ரோடு உங்களுக்கு. ஓடை எனக்கு."

பேச்சாயி சேலையை இழுத்துச் செருகினாள். "எதுல மோதணுமோ அதை நீயே காட்டு."

அடுத்த ஒன்றரை மணி நேரம் மரியசெல்விக்குக் கத்திக் கத்தியே தொண்டை வறண்டது. சொன்னபடி அவர்கள் கல்லைச் சுமந்துகொண்டு ஓடைக்கு வந்தார்கள். ஆனால் கையில் கல்லைக் கொடுத்தால் அடுக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. ஒருவர் வரப்பு கட்டினார். இன்னொருவர் இரண்டு கல்லுக்கு நடுவில் சின்னக் கல்லைச் செருகி ஆட்டம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்.

"அடுக்காதீங்க! சும்மா உருட்டி விடுங்க!"

"உருட்டுனா கண்ட எடத்துல கெடக்குமே தாயி?"

"கண்ட எடத்துலதான் கெடக்கணும்!"

உடையப்பன் மட்டும் வேலை செய்யவில்லை. பெரிய கல் ஒன்று ஓடையின் நடுவில் போய் நின்றபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது ஆளைக் கொல்லும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

பாக்கியராஜ் வாடகைக் காரில் வந்து இறங்கினார். தோரணத்தைப் பார்த்தார். யாரோ கையில் திணித்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். புதிதாக மினுங்கிய செம்மண் சாலையைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"இதாம்மா பாதை? இதுல எங்கம்மாவே ஓட்டுவாங்க."

"இது தக்காளிக்கு சார். பாதை அந்தப் பக்கம்."

ஓடையை எட்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார். "ஓட்டிக் காட்டு."

அவள் கரட்டைச் சுற்றி வந்து ஓடையின் தலைப்பில் நின்றாள். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பிரேக்கை லேசாகப் பிடித்து இறங்கினாள். முதல் கல், இரண்டாவது கல், வளைவு. முன்சக்கரத்து ஸ்பிரிங் உள்ளே போய் வெளியே வந்தது. அந்தப் பெரிய கல்லின் இடதுபக்கம் ஏறிக் குதிப்பது என்று அவள் கணக்கு. அவள் வளைவைத் தாண்டியபோது உடையப்பன் ஓடைக்குள் குனிந்து, அந்தக் கல்லை இரண்டு கையாலும் இடதுபக்கமாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்கய்யா!"

பிரேக்கை அழுத்தினாள். பின்சக்கரம் சறுக்கியது. சைக்கிள் ஒருபக்கம் விழ, அவள் ஒருபக்கம் விழுந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது.

உடையப்பன் ஓடிவந்தார். "நாந்தேன் சொன்னேனே, விழுந்துருவேன்னு!"

"நீங்க குறுக்க வந்ததாலதான்யா விழுந்தேன்!"

"கல்லு இருந்தா இன்னும் மோசமா விழுந்துருப்பே. உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. திட்டவும் முடியாது. வீட்டிலும் இதே முகம்தான், இதே நடுக்கம்தான். வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் அவளுக்கு முன்னால் ஓடி ஓடி எடுத்துவிட்டு, நடக்க இடமில்லாமல் செய்கிற அன்பு.

"எங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். குனிந்து அந்தக் கல்லை இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவில்லை. கிளெமென்ட் ஓடிவந்து கொடுத்த கையை வேண்டாமென்றாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கல் புரண்டு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

"நீங்க இங்க நில்லுங்கய்யா. கையைப் பின்னால கட்டிக்கங்க."

உடையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். முழங்கால் எரிந்தது. மறுபடி இறங்கினாள். வளைவு, கல். சைக்கிள் ஏறிக் குதித்தது. தரையில் பட்டபோது உடம்பு முழுக்க ஒரு அதிர்வு. அவ்வளவுதான். சக்கரம் தோரணத்துக்குக் கீழே வந்து நின்றது. ஊர் சனம் கை தட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"இங்கயே வச்சுக்கலாம்மா" என்றார் பாக்கியராஜ். "ஒரு கல்லைக் கூட மாத்தக் கூடாது. பந்தயத்தன்னைக்கு அந்தப் பெரியவரை மட்டும் சந்தைக்கோ எங்கயாவதோ அனுப்பிவச்சிருங்க."

கார் வந்த வழியே புதுச் சாலையில் குலுங்காமல் இறங்கிப் போனது. கரட்டுப்பட்டிச் சாலையில் போன முதல் வண்டி அதுதான். பேச்சாயி இடுப்பில் கைவைத்து அது தார் ரோட்டைத் தொடும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மரியசெல்வி காலைக் கழுவிவிட்டு, அப்பாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்தபடி திரும்பினாள். ஓடைக்குள் ஒரு தலைத்துண்டு குனிந்திருந்தது.

"ஐயா!"

"எடுக்கலை தாயி, எடுக்கலை" என்றார் உடையப்பன் நிமிராமலே. "சும்மா தொட்டுப் பாக்குறேன்."