ஆக்லாந்துக்கு இரண்டு வழி

எங்கள் மகள் நூரியா குடியிருக்கும் ஆக்லாந்து, ஸ்பெயினில், ரோண்டாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, பூமியின் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கிழக்கே பறந்தாலும் மேற்கே பறந்தாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், இருபதாயிரம் கிலோமீட்டர். ஒரு வழி கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எனக்கும் என் கணவன் எலாடியோவுக்கும் சண்டையே வந்திருக்காது.

நூரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு இருவரும் போக வேண்டும். நான் கிழக்கே, தோஹா வழி என்றேன். பாதி தூரமாவது கீழே தரை இருக்கும். மேற்கே போனால் இரண்டு பெருங்கடல், எனக்கோ நீச்சல் தெரியாது. அவன் மேற்கே, சிலி நாட்டு வழி என்றான். தோஹாவில் ஏறினால் பதினாறு மணி நேரம் ஒரே உட்கார்வு, முழங்கால் தாங்காதாம்.

"விமானம் விழுந்தா நீச்சலா காப்பாத்தும்?" என்றான்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினியே, அப்ப எங்க போச்சு இந்த முழங்கால்?" என்றேன்.

டிக்கெட் போட்டுத் தரும் அவுரோராவிடம் தீர்ப்புக்குப் போனோம். நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், முப்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட என்று கையை விரித்துவிட்டாள். அவனுக்கு மேற்கே ஒன்று, எனக்குக் கிழக்கே ஒன்று போடச் சொன்னான் எலாடியோ. நானும் வீம்புக்குத் தலையாட்டினேன். கிளம்பும் நாள் வரை அவன் இறங்கி வருவான் என்று காத்திருந்தேன். அவனும் அதற்குத்தான் காத்திருந்திருப்பான்.

மத்ரித் விமான நிலையத்தில், உருளைக்கிழங்கும் முட்டையும் போட்ட அடையை வைத்த ரொட்டியைப் பிய்த்து, பெரிய பாதியை அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அவன் விமானத்துக்கு ஏறும் வாசலுக்கு அவன் போனான்.

நான் ஆசைப்பட்ட தரை நன்றாகவே தெரிந்தது. மலை, பாலைவனம், ஊர் விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் "இங்க பாரேன்" என்று திரும்புவேன். பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பெரியவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். நூரியா குழந்தையோடு விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். அவன் விமானம் தாமதம் என்று பலகை சொன்னது. எவ்வளவு தண்ணீரைத் தாண்டி வர வேண்டும். பேத்தி மடியில் கிடக்க, நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தியைக் கையில் வாங்கிய முதல் நாளே இப்படியா என்று நூரியா கேலி செய்தாள்.

நொண்டிக்கொண்டு வந்தான். பேத்தியைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தான்.

"கடல் மேல ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல, காசில்டா. நீ பயப்படுவியேன்னே இருந்துச்சு."

"நான்தான் அதுல இல்லையே."

"அதான்," என்றான்.

முழங்காலைப் பற்றி விசாரித்தேன். அதைக் கேட்காதே என்றான். பிறகு, திரும்பும்போது இருவரும் தோஹா வழியாகவே போகலாம் என்றான். அந்தக் காலை வைத்துக்கொண்டு பதினாறு மணி நேரமா, சிலி வழிதான் என்றேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. கார் வரை போயிற்று அது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. டிக்கெட்ட மாத்தி நானே போடறேன்," என்றாள் நூரியா. "பக்கத்துப் பக்கத்து சீட்டு, சரியா?"

எந்த வழி என்று நாங்கள் கேட்கவில்லை.