கடைசி பெஞ்சுக்குப் போன பேராசிரியர்

"அக்கா, உன் கால்ல வேணும்னாலும் விழறேன். நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு மேடையை விட்டு இறங்கிடு," என்றான் தம்பி, காரை நிறுத்தியும் நிறுத்தாததுமாக.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இன்று அப்பாவின் நூற்றாண்டு விழா. அப்பா தத்துவப் பேராசிரியர், அக்காவோ பல் டாக்டர். கையைப் போலத்தான் வாயும்; பிடுங்க வேண்டும் என்று தோன்றினால் பிடுங்கிவிடும். போதாக்குறைக்கு, அப்பா மேல் அவளுக்கு ஒரு தீராத மனத்தாங்கல்.

அம்மா இறந்த அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அப்போது கல்லூரியில் படிக்கிற பெண். அப்பா வந்தார். "அழும்மா, வேண்டாங்கல. ஆனா எதுக்கு அழறேன்னு ஒரு காரணம் சொல்லு. அழுதா அம்மா திரும்பி வருவாளா?" என்று கேட்டார். தத்துவம் பேசுகிற நேரமா அது! அவள் கண்ணீர் அன்றைக்கு நின்றதுதான். அப்பா போனபோதுகூட ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது.

அதை இன்று மேடையில் போட்டு உடைத்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம். செத்துப்போன மனுஷனைப் பற்றி, அதுவும் அவருடைய விழாவிலேயே!

விழா, அப்பா பாடம் நடத்திய அதே வகுப்பறையில். பெஞ்சுகள் நிறைய நரைத்த தலைகள். மேடை நாற்காலியில் அப்பாவின் படம். 'எதிர்க்கட்சி' என்று அப்பாவே பட்டப்பெயர் வைத்த பழைய மாணவர் எழுந்தார்.

"சாரோட வகுப்புச் சட்டம் ஞாபகம் இருக்கில்ல? இங்க யாரும் யாரையும் புகழக் கூடாது. சார் எங்க தப்பு பண்ணார்னு மட்டும் பேசணும். பதில் சொல்ல முடியலேன்னா டெஸ்க்கைத் தட்டுவோம். சார் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போயிடணும்."

அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் ஒரு நாளும் தோற்காத மனுஷன் கடைசி பெஞ்சுக்குப் போவாராமா?

ஒவ்வொருவராக வந்து அப்பாவைப் பிய்த்து உதறினார்கள். அவருக்குப் பதிலாக வேறு யாராவது எழுந்து வாதாடி, வந்தவரை உட்கார வைத்தார்கள். ஒரே சிரிப்பு, கூச்சல். ஆனால் யாரும் டெஸ்க்கைத் தட்டவில்லை. அப்பா போன பிறகும் விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை.

அவள் முறை வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

சமையலறையில் நடந்ததை அப்படியே சொன்னாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பினாள்.

"அழுதா அம்மா வருவாளான்னு கேட்டீங்க. வரமாட்டா, எனக்கும் தெரியும். பல்லைப் பிடுங்கினப்புறம் அந்த இடத்தை நாக்கு தேடிக்கிட்டே இருக்கும்ப்பா. பல்லு திரும்ப வரும்னு நம்பியா தேடுது? இருந்தது, இப்ப இல்ல. அவ்வளவுதான் காரணம். அன்னிக்கு எனக்குச் சொல்லத் தெரியல."

எதிர்க்கட்சி எழுந்தார். அப்பாவுக்காக வாயைத் திறந்தார். மூடினார். உட்கார்ந்தார். பிறகு அவர்தான் முதலில் டெஸ்க்கைத் தட்டினார்.

அப்புறம் அத்தனை பேரும் தட்டினார்கள். கூரையே பிய்த்துக்கொண்டு போகும் போலிருந்தது. "எழுந்திருங்க சார், சட்டம்னா சட்டம்தான்," என்று எதிர்க்கட்சி படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் வைத்தார்.

"நான் அவ்வளவு கெஞ்சினேனே அக்கா," என்றான் தம்பி. சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியே விட்டது. மெதுவாக நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சின்னப் பிள்ளை மாதிரி.

தத்துவம் படித்தவர்கள் நிறைந்த அறைதான். ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.