ரேடியோ இல்லாத வீடு

1

இது திருட்டுச் சொத்து. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உடையவள் என் அக்கா மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஃபோனில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, "மாமா, இத எங்கயும் எழுதி வெச்சிடாதீங்க" என்றாள். எழுதாதே என்று சொன்னால்தான் எனக்குக் கை அரிக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறை விட்டால் கதைக்காரன்.

முதல் வரிக்காக மூன்று தாள்கள் வீணாயின.

"அவள் நகரத்தை விட்டுக் கிளம்பிய அன்று வானம்…" (வானத்தை அடித்துவிட்டேன். அன்றைக்கு வானம் எப்போதும்போலத்தான் இருந்தது. லாரியில் நானும் போனேன்.)

"இளைய தலைமுறை பெருநகரங்களைக் கைவிட்டுச் சிற்றூர்களை நோக்கி…" (இது மேடைப் பேச்சு. சோடா வேறு கேட்கும்.)

மூன்றாவதில் என்ன இருந்ததென்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அவளுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை; அதைப் பற்றிக் கவலைப்படும் வேலையை என் அக்காவிடம் முழுசாக ஒப்படைத்திருந்தாள். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்த்து, கருவி பொருத்திவிடுவது அவள் தொழில். எல்லோரும் "காது டாக்டர்" என்பார்கள். "டாக்டர் இல்லீங்க" என்று அவள் திருத்துவாள். மறுபடியும் "சரிங்க டாக்டர்" என்பார்கள்.

நகரத்தில், மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஆறு வருடம் அங்கே இருந்தாள். வாடகை வருடா வருடம் வளர்ந்தது. அறைகள் மட்டும் வளரவில்லை. அப்போதுதான் தொலைவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் காது சோதிக்க ஆள் கேட்டார்கள். அங்கே, பாதி வீட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாக ஒரு முழு வீடே கிடைத்தது. கிளம்பிவிட்டாள்.

2

அந்த மூன்றாவது மாடி வீட்டின் மறுபாதிதான் ரேடியோ.

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. கூடத் தங்க வந்த முதல் வாரத்திலேயே என் அக்கா மகள் இந்தப் பெயரைச் சூட்டிவிட்டாள். கண் விழித்ததும் ஆரம்பிப்பாள், கண் மூடும்வரை ஓடும். கட்டடம் கட்டும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் வேலை. பக்கத்து மேஜைக்காரர் பல் பிடுங்கிய கதை, பஸ்ஸில் வந்த அம்மாளின் மருமகள் கதை, படிக்கட்டை எங்கே வைப்பது என்பதில் முதலாளிக்கு இருக்கும் மூடநம்பிக்கை, எல்லாம் ஒளிபரப்பாகும். அதுவும் எங்கோ இருந்து பேசமாட்டாள். எதிரே வந்து, முகத்துக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான்.

[இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு ரொம்ப நாள் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பேசுகிறவள் எந்தக் கதையில் அடங்குவாள்? ஒரு வரைவில் அவளைத் தூக்கிவிட்டுப் பூனை ஒன்றை வைத்துப் பார்த்தேன். கதை நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது பூனைக் கதையாகிவிட்டது.]

அந்த வீட்டில் உருப்படியான நாற்காலி ஒன்றே ஒன்று. ஜன்னலோரம் கிடக்கும். ஒற்றைப்படைத் தேதிகளில் ரேடியோவுக்கு, இரட்டைப்படைத் தேதிகளில் என் அக்கா மகளுக்கு என்று ஒப்பந்தம். முப்பத்தொன்று ஒற்றைப்படை, அடுத்த நாள் ஒன்றும் ஒற்றைப்படை என்பதை இவள் முதலில் கவனிக்கவில்லை. வருடத்தில் ஏழு முறை ரேடியோ இரண்டு நாள் தொடர்ந்து நாற்காலியில் ராஜாங்கம் நடத்தினாள். பிப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும்போதும் இவளுக்கு நஷ்டம் என்று நினைத்தால், இல்லை, இருபத்தெட்டு இரட்டைப்படை; லீப் வருடத்தில் மட்டும் நஷ்டம். இந்தக் கணக்கை என்னிடம் கொண்டுவந்து, "மாமா, நீங்க வாத்தியார்தானே, நியாயம் சொல்லுங்க" என்றாள். ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னேன். ரேடியோ எனக்கு ஒரு டம்ளர் காப்பி அதிகமாகக் கொடுத்தாள்.

3

புது வீட்டில் நான்கு நாற்காலிகள் இருந்தன. வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனவை. எல்லாத் தேதிகளும் அவளுக்கே.

முதல் மாதம் அவள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள் என்று எழுதியிருந்தேன். வரைவை அனுப்பினேன். (ஆமாம், எழுதத் தொடங்கியதை அவளிடம் மறைக்க முடியவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, எழுதுவதென்றால் தப்பில்லாமல் எழுதுங்கள் என்று பிழைதிருத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.) ஃபோனில் கூப்பிட்டாள்.

"சந்தோஷமா இருந்தேன்னு யாரு சொன்னா?"

"வீடு பெருசு, வேலைக்கு நடந்தே போறேன், மூச்சு விட முடியுதுன்னு நீதானம்மா சொன்ன?"

"மூச்சு விட்டேன். மூச்சு விடற சத்தம்கூடக் கேட்டுச்சு. அத எழுதுங்க."

எழுதுகிறேன். அவள் வேலை செய்யும் இடத்தில் ஓர் ஓசை புகாத சிற்றறை உண்டு. சோதனைக்கு வருகிறவர்களை அதற்குள்தான் உட்கார வைப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால், அதே அறை பெரிதாகி வாசலும் சமையலறையும் வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல் இருந்தது. குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று யாரும் பல் பிடுங்கிய கதை சொல்லவில்லை. கொடியில் அவள் துணி மட்டுமே தொங்கியது. நகரத்தில் இருந்தபோது, மாதம் ஒரு தரம் ஒருத்தி முடியை மற்றவள் வெட்டிவிடுவாள். ரேடியோ பேசிக்கொண்டே வெட்டுவதால் ஒரு பக்கம் எப்போதும் தூக்கலாக இருக்கும். இங்கே கடைக்குப் போய் வெட்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ மாதிரி இருந்தது.

என் அக்கா மட்டும், "தனியாக் கெடந்து எளைச்சிருப்பா" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இளைக்கவில்லை. நான்கு நாற்காலியையும் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

4

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ரேடியோவுக்கு ஃபோன் போடுவது வழக்கமாயிற்று.

"சாவி தொலைஞ்சு போச்சுடி, பூட்ட ஒடச்சுத்தான் உள்ள வந்தேன்."

"ஆவியா! புது வீட்லயா? நான் அப்பவே நெனச்சேன், இவ்ளோ கம்மி வாடகைக்கு எவன் வீடு குடுப்பான்னு!"

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த வாரம்:

"ரெண்டு நாளா தண்ணி வரல."

"அண்ணி வரலையா? உனக்கு ஏதுடி அண்ணி?"

இதையும் சிரித்துத் தள்ளினாள். எனக்கும் சொல்லிச் சிரித்தாள். ரேடியோவுக்கு இதுதான் வேலை, எதைச் சொன்னாலும் கோமாளித்தனம் என்று நானும் நினைத்தேன்.

அந்த வாரம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் சோதனைக்கு வந்தார். கூட மனைவி. "நாலு வருஷமா நான் ஒண்ணு கேட்டா இவரு ஒண்ணு சொல்வாரும்மா. சரி, நக்கலு பண்றாருன்னு நெனச்சு நானும் சிரிச்சிட்டே இருந்தேன்" என்றார் அந்த அம்மா.

என் அக்கா மகளின் கையிலிருந்த பேனா நின்றது.

காது மங்கத் தொடங்கினால் பலருக்கு மெல்லிய ஓசைகள்தான் முதலில் நழுவும் என்பது அவளுக்குப் பாடம். ஒரு தாளை எடுத்து எழுதினாள். சாவியில் 'ச்' போனால் ஆவி. தண்ணியில் 'த்' போனால் அண்ணி. எழுதியதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் பாவம், தன் காதுக்குத்தான் ஏதோ பெரிய கேடு என்று பயந்துபோனார்.

அதற்குப் பிறகு பழைய வீடு அவளுக்குள் வேறு மாதிரித் திரும்பி வந்தது. எதிரே வந்து உட்கார்ந்து பேசியது பாசத்தால் மட்டும் இல்லை, உதட்டைப் பார்ப்பதற்கு. பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று பேசினாளே, அப்போது உள்ளேயிருந்து இவள் சொன்ன எதற்காவது ஒரு நாளாவது பதில் வந்திருக்கிறதா? யோசித்துப் பார்த்தாள். வந்ததில்லை. முகம் தெரியாத இடத்தில், ஃபோனில்தான், அது வெளியே வந்திருக்கிறது. ஊரெல்லாம் காது பார்த்தவள், ஆறு வருடம் ஒரே கூரையின்கீழ் இருந்தவளின் காதைப் பார்க்கவில்லை.

[இங்கே குற்றவுணர்ச்சி பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். "இது நீங்க அழறீங்க மாமா, நான் இல்ல" என்று அடித்துவிட்டாள்.]

5

ரேடியோவை வரவழைக்க மூன்று ஞாயிறு பிடித்தது. கடைசியில் ஒன்பது நாள் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "நாலு நாற்காலியா! சண்டையே வராதே, எப்படிடி பொழுது போகுது?" என்றாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அந்தச் சிற்றறையில் உட்கார வைத்தாள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே இவள் ஓசையைக் கூட்டிக்கொண்டே போனாள். உள்ளே ரேடியோ பொத்தானில் விரலை வைத்தபடி, சமர்த்தாக, அழுத்தாமல் காத்திருந்தாள். வலது காது பெரும்பாலும் போயிருந்தது. இடது பாதி.

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டாள்: "பாசா?"

"எப்பலேருந்து?"

"மூணு வருஷம் இருக்கும்."

"தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலையா? எங்கிட்டயா?"

"நீ நாள் பூரா காது கேக்காதவங்களோட மல்லாடிட்டு வர. வீட்டுக்கு வந்தா அங்கயும் ஒருத்தியா? அப்புறம் நீ என்னப் பாக்க மாட்ட. அளந்து பாப்ப." மேலும் சொன்னாள்: "நான் பேசிட்டே இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க இல்ல? கேட்டாத்தானே கொழப்பம்."

இந்த இடத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று எழுதினேன். அதுவும் போயிற்று. நடந்தது இதுதான்: கருவி பொருத்த, காதின் அச்சு எடுக்க வேண்டும். மாவு போன்ற ஒன்றைக் காதுக்குள் விட்டு, அது இறுகும்வரை ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது. ரேடியோ ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தாள். என் அக்கா மகள் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பின்னால் நின்றால் முகம் தெரியாது.

(ஜலதோஷம் என்கிறாள். இருக்கட்டும்.)

ஏழாம் நாள் கருவி வந்தது. மாட்டிக்கொண்டதும் ரேடியோ சொன்ன முதல் வார்த்தை: "ஐயையோ, நான் இவ்ளோ சத்தமாவா பேசறேன்?" அதன் பிறகு பாதி நாள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்குள் நடந்து நடந்து தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டாள். தாளைக் கசக்கினாள். என் அக்கா மகள் வெங்காயம் நறுக்கியதைச் சமையலறை வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வெங்காயம்வரை கேட்டாள்.

ஒன்பதாம் நாள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

6

முடிவுகள் இரண்டு தயார் செய்திருந்தேன்.

முதலாவது: பஸ் கிளம்புகிறது, நிற்கிறது, ரேடியோ பெட்டியோடு இறங்கி வருகிறாள். (பஸ் நிற்கவில்லை. தாளிலேயே நான் டிரைவரிடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.)

இரண்டாவது: ஞாயிறு ஃபோன்கள் மாதத்துக்கு ஒன்றாகி, பண்டிகைக்கு ஒன்றாகி, ஒரு நாள்… (இதை எழுதும்போது நின்றுபோன என் சிநேகிதங்கள் நினைவுக்கு வந்தன. பாதியில் விட்டுவிட்டேன்.)

இரண்டையும் படித்துவிட்டு அவள் கூப்பிட்டாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. வீட்டக் காலி பண்ண வாரம் நான் அடுப்படியில பாத்திரத்தப் பேப்பர்ல சுத்திட்டிருந்தேன். அவ எனக்குப் பின்னாடி பெட்டி ஒட்டிட்டிருந்தா. அவ மொகத்தப் பாத்துக் கேக்க கூச்சமா இருந்துச்சு. திரும்பாமலே, 'நீயும் வந்துடறியா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'டேப்பு தீந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்'னு செருப்ப மாட்டிட்டுக் கீழ எறங்கிட்டா. அதான் பதிலுன்னு எடுத்துக்கிட்டேன். அஞ்சு மாசம் மனசுக்குள்ள அவ மேல கோவமா இருந்தேன் மாமா."

"அவ காதுலயே விழலையா?"

"நிஜமாவே டேப்பு தீந்துபோயிருந்துச்சு மாமா, சாக்கு இல்ல."

"சரி, இப்ப கேளேன். இப்பதான் மிஷின் இருக்கே, அவளுக்குத் தப்பாக் கேக்காதுல்ல."

"அவளுக்குத் தப்பாக் கேக்காது. எனக்குத்தான் கேக்கும். அவ என்ன சொன்னாலும் நான் தப்பாக் கேட்டுடுவேன்." பிறகு, தாழ்ந்த குரலில்: "கத அச்சுல வருமா மாமா?"

"வந்தாலும் வரும்."

"அப்ப முடிவ எழுதாதீங்க. அவ படிப்பா."

7

எனவே இரண்டு முடிவுகளையும் கிழித்துப் போட்டேன். மற்ற வாசகர்கள் மன்னிக்கவும். இனி வருவது ஒரே ஒருத்திக்கு.

ரேடியோம்மா, அந்த வீட்டில் இன்னும் ஓர் அறை காலியாக இருக்கிறது. நீ பார்த்ததுதான், ஒன்பது நாள் அதில் உன் பெட்டியைத் திறந்து போட்டிருந்தாய். காலை வெயில் நேராக வருகிறது, வரைபடம் போட நல்ல வெளிச்சம். ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் கட்டடக்காரர் ஒருவர் ஆள் தேடுகிறாராம். இவள் சும்மா விசாரித்து வைத்திருக்கிறாள். சும்மாதானாம். ஊர் சின்னது, சினிமா ஒன்றுதான், சீக்கிரம் சலித்துப்போகலாம். உன் வேலை அங்கே, பழகிய தெரு அங்கே. நீ வரமாட்டேன் என்றாலும் அவள் தாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேள்வி என்னுடையது அல்ல, நான் தபால்காரன்தான்.

நீயும் வந்துடறியா?

பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் அதையும் கதையாக்கிவிடுவேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவள் வீட்டில்தான் இருப்பாள். இந்த வாரம் நீ முந்திக்கொண்டு கூப்பிடு.