கர்னல் டிக்ஸனின் முயல்

பட்டாபிக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு சண்டைதான் முக்கியம். கல்யாணமான புதிதில், தம்பானூர் தியேட்டரில் அந்தச் சண்டை வந்தபோதுதான் சாவித்ரி முதன்முதலாக அவர் கையைப் பிடித்தாள். சாதாரணப் பிடியா அது? நகம் பதிந்து ரத்தமே கசிந்தது. அன்றைக்கே கதாநாயகன் அவருக்குள் குடிவந்துவிட்டான். அதே மீசை, அதே வகிடு, ஸ்கூட்டரில் போனால் கழுத்தில் சிவப்புக் கர்சீப். தலை வழுக்கையான பிறகும், காதோரம் மிஞ்சிய நாலு முடிக்கு ஹேர் டை அடிக்கத் தவறியதில்லை.

கழக்கூட்டத்தில் மகள் ஸ்மிதாவின் ஃப்ளாட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தப் படம் யூடியூபில் அகப்பட்டது.

"அப்பா, இது பாறையா? தெர்மோகோல் அல்லே? உருளறச்சே துள்றதே!"

"சிரிக்காதேடி. அன்னிக்கு உங்கம்மா நடுங்கிப் போயிட்டா."

சாவித்ரி காதில் வாங்கவில்லை. திரையில் வில்லன் கர்னல் டிக்ஸன் வந்திருந்தான். மொட்டைத் தலை, வெள்ளைக் கோட்டு, மடியில் வெள்ளை முயல், சுற்றிலும் கண்சிமிட்டுகிற கலர் பல்புகள். சாவித்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, வில்லனைப் பாக்கவா கண்ணாடி துடைக்கறே?"

"பின்னே? இவனுக்காகத்தானே அன்னிக்கு நான் படத்துக்கே கிளம்பினேன். முயலை எப்படித் தடவறான் பாரு!"

பட்டாபி ரிமோட்டை அமுக்கினார். படம் நின்றது.

"அப்போ என் கையைப் பிடிச்சது யாருக்காக?"

"உங்க ஹீரோ அவனை மலையிலேர்ந்து தள்ளிடப் போறானேன்னு எதையாவது பிடிச்சுக்கத் தோணித்து. பக்கத்திலே உங்க கைதான் இருந்தது."

"அய்யோ, அப்பா அவுட்!" என்றாள் ஸ்மிதா.

வேறொருத்தனுக்கு விழுந்த மாலையை இத்தனை வருஷம் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று பட்டாபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கண்டவனையெல்லாம் சுட்டுத் தள்றான். அவன்கிட்டே அப்படி என்னடி கண்டே?"

"சுடட்டுமே. ஒரு தடவையாவது குரலை உசத்திப் பேசறானா? உங்க ஹீரோ தாகத்துக்குத் தண்ணி கேக்கறதே கத்தித்தான். உங்களை மாதிரி."

படம் மறுபடி ஓடியது. மலை விளிம்பில் கடைசிச் சண்டை. சாவித்ரியின் கை பழக்கத்தில் அவர் பக்கம் நீண்டது. பட்டாபி தன் கையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். டிக்ஸன் அதலபாதாளத்தில் விழுந்தான். முயல் மட்டும் பாறைமேல் தனியாக உட்கார்ந்திருந்தது. சாவித்ரி மூக்கை உறிஞ்சினாள்.

பட்டாபி படத்தைப் பின்னால் ஓட்டி டிக்ஸனை இன்னொரு தடவை விழவைத்தார். அப்புறம் இன்னொரு தடவை.

"போரும்ப்பா, பாவம் அவன்!"

சாவித்ரி எழுந்து வந்து அவர் வழுக்கையை மெல்லத் தடவினாள்.

"இந்த டையை விட்டுத் தொலையுங்கோன்னு எத்தனை வருஷமா சொல்றேன். மீசையையும் எடுத்துட்டா அசல் அவனேதான், கேட்டேளா?"

வேறு யாராவது என்றால் குளிர்ந்து போயிருப்பார்கள். பட்டாபிக்கு அடிவயிற்றில் இன்னொரு தீ பற்றிக்கொண்டது. அப்படியானால் இத்தனை நாள் இவள் தடவியது யார் தலையை?

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வெயில்லே எங்கேன்னா கிளம்பிட்டேள்?"

கத்தத்தான் வாயைத் திறந்தார். ஆத்திரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. குரல் தாழ்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"கடைக்கு. டை வாங்க."

சாவித்ரி கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தாள்.