வெடி என்று வாசித்த கடிதம்

"தண்ணியை ஊத்தாதீங்க! நிறுத்துங்க!"

நீர்மாலைக் குடத்தைச் சாய்க்கப்போன உக்கிரபாண்டி அப்படியே நின்றார். செத்துப்போன ராக்கப்பனுக்கு அவர் சித்தப்பா. எழுபது வயதுக்குள் ஆமத்தூரில் எத்தனையோ பிணங்களைக் குளிப்பாட்டிய கை அது. குளிப்பாட்டக்கூடாது என்று இதுவரை யாரும் அந்தக் கையைத் தடுத்ததில்லை.

டெல்லியிலிருந்து சவப்பெட்டியோடு வந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மெட்ராஸ்காரர், நாற்பது வயதிருக்கும். ரயிலில் மூன்று நாள் வந்தும் சட்டை கசங்கவில்லை.

"மேல அரக்கு சீல் இருக்கு, லேபிள் ஒட்டியிருக்கு. ரசீது போட்டு ஒப்படைக்கிற வரைக்கும் அது கவர்மென்ட் பொறுப்பு. பேப்பர் வேலை முடிஞ்சதும் உங்க இஷ்டம்."

"முகத்தையாவது ஒரு தடவ..." என்று உக்கிரபாண்டி இழுத்தார்.

"பதினோரு நாள் ஆச்சு, பெரியவரே. திறக்கக்கூடாது."

பெட்டி முற்றத்தில் இரண்டு பெஞ்சுகளின் மேல் இருந்தது. விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து அதைக் கொண்டுவந்தது பட்டாசுக் கம்பெனி லாரி. தீபாவளி சீசன் முடிந்து லாரி சும்மா நின்றதால் முதலாளி அய்யாதுரை மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தார். அந்தக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிற பெத்தணன், ராக்கப்பனின் தம்பி, லாரியில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். எட்டு வருஷமாக லோடு ஏற்றி இறக்கிய பழக்கத்தில், பெட்டி ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் சாக்கை அண்டக்கொடுத்திருந்தான்.

ராக்கப்பனின் மனைவி மூக்கம்மாள் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். வந்தவள் அதிகாரியிடம் கேட்டாள்.

"அய்யா, தலைமாடு எந்தப் பக்கம்?"

அதிகாரி பெட்டியைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "அதெல்லாம் இதுல போடலைம்மா" என்றார்.

ராக்கப்பன் பட்டாளத்துக்காரன். சீனச் சண்டையில் காலில் குண்டு வாங்கி ஓய்வு பெற்று வந்தவனுக்கு, கடல் தாண்டிய ஒரு நாட்டில் நம் தூதரகத்து வாசல்காவல் வேலை கிடைத்தது. அந்த ஊரின் பெயரை ஆமத்தூரில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதில்லை. ஐப்பசிக் கடைசியில் ஒரு கூட்டம் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நாலு பேர் செத்தார்கள். முதலில் செத்தது வாசலில் நின்றவன்.

அதிகாரி மேஜை கேட்டார். மேஜை இல்லை. பெத்தணன் ஒரு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து மேலே துண்டை விரித்தான். கூட வந்திருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கண்ணுச்சாமி மைக்கூட்டையும் ரேகை வைக்கிற அட்டையையும் அதில் எடுத்து வைத்தார்.

"சின்ன வாக்குமூலம் ஒண்ணு. அதுக்கப்புறம் ரசீது" என்றார் அதிகாரி. மூக்கம்மாளைப் பார்த்து, நிஜமாகவே இரக்கத்தோடு, "உட்காருங்கம்மா" என்றார். அவள் மண்ணில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்ப லெட்டர் போட்டார்?"

"பெரட்டாசில ஒண்ணு வந்துச்சுய்யா."

"என்ன எழுதியிருந்தார்?"

"சொகமா இருக்கேன்னுதான். அங்கன தெனமும் வெடி வெடிக்குதாம். நம்மூரு கணக்கா இருக்குன்னு எளுதியிருந்தாக. கொளுந்தனாருதான் வாசிச்சுக் காமிச்சாரு. நாங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சோம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"வெடின்னா? பட்டாசா?"

"ஆமாய்யா. பட்டாசுதான்."

"உங்க வீட்டுக்காரரும் வெடிச்சாரா?"

"வெடிச்சிருப்பாக. நாங்கதான அனுப்பிவச்சோம்."

"என்ன அனுப்பினீங்க?"

"சாத்தூர் சேவு டின்னுக்கு அடியில ரெண்டு கட்டு கம்பி மத்தாப்பு. அங்கன பெரிய அய்யா வீட்டுல பிள்ளைக இருக்குன்னு முன்னாடி ஒருக்கா எளுதியிருந்தாக. நானே என் கையால காயிதத்துல சுத்தி வச்சேன்யா."

அதிகாரி மெதுவாகத் தலையாட்டி எழுதத் தொடங்கினார். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. டெல்லியிலிருந்து ஆமத்தூர் வரை தேடி வந்த பொருள் முதல் வீட்டிலேயே கிடைத்துவிட்ட நிம்மதி.

பெத்தணன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அண்ணன் வெடி என்று எழுதவில்லை. குண்டு என்று எழுதியிருந்தான். காலில் ஒன்றை வாங்கியவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? அந்தக் கடிதம் பெத்தணனுக்கு மனப்பாடம். 'ஆவணியிலிருந்து வாசலில் குண்டு எறிகிறார்கள். வாசலுக்கு நான் ஒருத்தன், கையில் கம்பு. துப்பாக்கியும் ஆளும் கேட்டு இங்கிருந்து மூன்று தடவை டெல்லிக்கு எழுதிவிட்டார்கள். பதில் இல்லை. தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடவா? மூக்கம்மாளைக் கேட்டு எழுது.'

அதை அவன் இதே முற்றத்தில், மூக்கம்மாளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, நாடகக்காரன் மாதிரி வாசித்தான். குண்டு வருகிற இடத்தில் வெடி என்றான். பயம் வந்த இடத்தில் சுகம் என்றான். கேள்வியை வாசிக்கவே இல்லை. மதினி பயந்துவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்ததாக அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பாதி நிஜம். மீதி பாதி, அவன் மகள் பொன்னுத்தங்கத்துக்குத் தையில் வைத்திருந்த கல்யாணம். பெரியப்பா தூதரகத்தில் உத்தியோகம் என்பதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்திருந்தார்கள். உத்தியோகத்தை விட்டுவிட்டு நொண்டிக் காலோடு பெரியப்பா மானாவாரிக் காட்டுக்குத் திரும்பி வந்தால் அந்தச் சம்பந்தம் நிலைக்குமா என்று அவனுக்குச் சந்தேகம்.

"அவர் எழுதின லெட்டர் ஏதாவது இருக்கா?" அதிகாரி இப்போது பெத்தணனைப் பார்த்துக் கேட்டார்.

கடிதம் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. தந்தி வந்த நாளிலிருந்து அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தான். எடுத்து நீட்டினால் போதும். மூன்று தடவை எழுதினார்கள், பதில் இல்லை என்று செத்தவனே கையெழுத்துப் போட்டுச் சொல்லுகிற காகிதம். ஆனால் நீட்டிய கையோடு கண்ணுச்சாமி அதைச் சத்தமாக வாசிப்பார். மூக்கம்மாள் கேட்பாள்.

"இல்லைங்க" என்றான் பெத்தணன். "வாசிச்ச உடனே கிளிச்சுப்போட்டேன்."

அதிகாரி அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். "நல்லது" என்றார்.

வாக்குமூலம் எழுதி முடிந்தது. கண்ணுச்சாமி வாசித்தார். காவலர் ராக்கப்பன் வெடிபொருள் வரவழைத்துக் காவல் கூண்டில் வைத்திருந்ததாகவும், அங்கே வெடிகள் வெடித்துவந்ததைக் குடும்பத்தாருக்கு எழுதியிருந்ததாகவும், மேற்படி பொருளைத் தாமே அனுப்பியதாக மனைவி ஒப்புக்கொள்வதாகவும் அதில் இருந்தது.

உக்கிரபாண்டி குடத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு வெளங்கலியே. கூட்டம் புகுந்து அடிச்சுக் கொன்னுச்சுன்னுதான பேப்பருல போட்டிருந்தான்?"

"கூட்டம் வந்தது உண்மை, பெரியவரே. ஆனா கூட்டம் வந்தா ஒரு கேட்டுதான் உடையும். நாலு பேர் ஏன் செத்தாங்க? காவல் கூண்டுல ஏதோ தீப்பிடிச்சு கட்டிடத்துக்குப் பரவியிருக்கு. அது என்னன்னுதான் தெரியாம இருந்துச்சு. பார்லிமென்ட்ல கேள்வி கேக்கறாங்க. பதில் சொல்லணும் இல்லையா?"

"கம்பி மத்தாப்பா? அதுல சுண்டுவெரலு சுடும். கட்டடம் எரியுமா?"

"மத்தாப்பும் வெடிமருந்துதானே. சிவகாசிப் பக்கத்துல இருக்கற உங்களுக்கு நான் சொல்லணுமா?"

உக்கிரபாண்டி விடவில்லை. "அப்ப எங்க பயலாலதான் மத்த மூணு பேரும் செத்தாகளா?"

அதிகாரி பேனாவின் மூடியைத் திருகினார். பதில் சொன்னது மூக்கம்மாள்தான்.

"அவுகளால இல்ல, மாமா. நான் வச்ச மத்தாப்பால."

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அழவில்லை. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த பெண்களும் அவளைப் பார்த்து அழ மறந்தார்கள்.

பெத்தணனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, குண்டு என்று சொன்னால் போதும், அவள் கையிலிருந்து அந்தப் பழி இறங்கிவிடும். அவன் வாயைக்கூடத் திறந்தான். கதவு நிலையோரம் மகள் பொன்னுத்தங்கம் நின்றிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"மதினி, வெயில் ஏறுது. ரேகைய வச்சிருங்க" என்றான். "பெட்டிய எம்புட்டு நேரம் இப்படிப் போட்டுவைக்கிறது?"

மூக்கம்மாள் மறுக்கவில்லை. கண்ணுச்சாமி அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் அழுத்தினார். ரேகை விழவில்லை. தீப்பெட்டிக்குப் பசை ஒட்டி ஒட்டி விரல் வழவழவென்று தேய்ந்திருந்தது. மூன்றாவது தடவை அழுத்தியபோது ஏதோ ஒரு கறுப்பு வட்டம் பதிந்தது. "போதும்" என்றார் அதிகாரி. ரசீதிலும் ஒரு கறுப்பு வட்டம். இரண்டுக்கும் சாட்சியாகப் பெத்தணன் கையெழுத்துப் போட்டு, கீழே ஊரும் பெயரும் எழுதினான். கம்பெனியில் லேபிள் எழுத்தே அவனிடம்தான் கேட்பார்கள். அவ்வளவு முத்தான கையெழுத்து.

அதிகாரி தோல்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். அதைப் பெத்தணனிடம் கொடுக்காமல், உள்ளிருந்த கடிதத்தை வெளியே இழுத்து, சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எழுத்து. பிறகு பெத்தணனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இறந்தவர் சட்டைப்பையில இருந்தது. சம்சாரம் எழுதினதுன்னு ஃபைல்ல போட்டிருக்கேன். அப்படியே இருக்கட்டும். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

கடிதத்தை உறைக்குள் வைத்து மூக்கம்மாளின் மடியில் வைத்தார். கும்பிட்டார். வாசலில் நின்ற ஜீப்பில் கண்ணுச்சாமியோடு ஏறிப் போனார். போகும்போது யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கவேண்டிய வேலை அவருக்கு முடிந்துவிட்டது.

உக்கிரபாண்டி குடத்தைத் தூக்கினார். இப்போது தடுக்க ஆளில்லை. தண்ணீர் விழுந்ததும் லேபிள் ஊறி ஒரு மூலையில் உரிந்தது.

மூக்கம்மாள் உறையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்தாள். ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை. அவள் அதைக் கறை என்று மட்டும் பார்த்தாளா, வேறு என்னவென்று தெரிந்து பார்த்தாளா என்று பெத்தணனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இது நான் போட்ட கடுதாசிதான, கொளுந்தனாரே?"

"ஆமா மதினி."

"நான் சொல்லச் சொல்ல நீங்க எளுதுனது."

"ஆமா."

"ஒருக்கா வாசிங்க. அவுக கடேசியா என்னத்த வாசிச்சாகன்னு நானும் கேட்டுக்கிடுதேன்."

பெத்தணன் கடிதத்தை வாங்கினான். மடித்து மடித்துப் பல தடவை பிரித்த காகிதம், மடிப்புகளில் நைந்திருந்தது. தன் எழுத்தே தன்னைப் பார்த்தது. 'புரட்டாசிக் கடைசி. மூக்கம்மாள் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். வேலையை விடவேண்டாம். உங்கள் தம்பி மகள் கல்யாணம் தையில். அதுவரைக்கும் அங்கேயே இருங்கள். என் மேல் பிரியம் இருந்தால் வரவேண்டாம்.' கடைசி வரியை அவன் எழுதியது, அண்ணன் அதைத் தட்டமாட்டான் என்று தெரிந்துதான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். பெத்தணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்போதும் வாசிக்கிற குரலில் வாசித்தான்.

"நாங்க சொகமா இருக்கோம். உங்களப் பாத்து ரெண்டு வருசமாச்சு. இந்தத் தைக்கு முன்னாடி கட்டாயம் வந்திருங்க. என் மேல பிரியம் இருந்தா ஒடனே வாங்க."

மூக்கம்மாள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாள்.

"அப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை மாறல." பிறகு பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். "நான் வாங்கன்னுதான எளுதச் சொன்னேன்? பெறகு எதுக்கு வராம இருந்தாக?"

கேள்வி பெட்டிக்குத்தான். பெத்தணன் கடிதத்தை மடித்தான். தன் சட்டைப்பையில் இன்னொரு கடிதத்துக்குப் பக்கத்தில் அதையும் சொருகினான்.

"மதினி, வாய்க்கரிசி போடுங்க. தூக்கணும்" என்றான்.

சுளகில் அரிசி வந்தது. மூக்கம்மாள் ஒரு கை அள்ளிக்கொண்டு பெட்டியின் ஒரு முனைக்குப் போனாள். அங்கே நின்று யோசித்தாள். பாதியை அங்கே போட்டாள். நடந்து மறுமுனைக்குப் போய் மீதிப் பாதியைப் போட்டாள். ஈரப் பலகையில் ஒட்டிய அரிசியில் நாலைந்து மணி அவள் கட்டைவிரல் மையால் கறுத்திருந்தது.