தள்ளுபடியில் போன சட்டைகள்

எங்கள் துணி அலமாரியை மூட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தள்ள, ஒருவர் பூட்ட. போன வருஷம் கதவின் திருகாணி தெறித்து எதிர்வீட்டுக்காரர் காப்பியில் விழுந்தது. கரையாத சர்க்கரை என்று நினைத்து மனிதர் பத்து நிமிஷம் கலக்கினார். சத்தியமாக நடந்தது.

அதற்குப் பிறகுதான் மகள் வந்து சட்டம் போட்டாள். அம்மா தள்ளுபடிக் கடைக்குப் போகலாம். ஆனால் ஒரு துணி உள்ளே வந்தால் ஒரு துணி வெளியே போக வேண்டும். என் மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். யாருடைய துணி போக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. முப்பது வருஷம் அலுவலகத்தில் விதிமுறை எழுதியே தேய்ந்த எனக்கு அந்த ஓட்டை கண்ணில் படவில்லை. அவளுக்குப் பட்டது.

பாதி விலையில் ஒரு கம்பளிச்சட்டை வந்தது. என் கோடுபோட்ட சட்டை தெருமுனைப் பழந்துணிப் பெட்டிக்குப் போனது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று மூன்று வந்தன. என் கால்சட்டைகள் மூன்று போயின. கேட்டால், சாயம் போய்விட்டது என்றாள். என் தலையிலும்தான் சாயம் போயிருக்கிறது. என்னையும் மூட்டை கட்டிவிடுவாளோ என்று இரண்டு நாள் தொப்பியோடு தூங்கினேன்.

மூன்று மாதத்தில் அலமாரியில் என் தட்டில் அந்துருண்டை மட்டும் மிஞ்சியது. சட்டப்படிதானே செய்கிறேன், மகளிடம் கேளுங்கள் என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு தட்டுதான்.

சனிக்கிழமை பெரிய கடையில் எழுபது சதவீதத் தள்ளுபடி. மிச்சமிருந்த ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனேன். நெரிசலில் யாரோ ஒருத்தி என் காலரைப் பிடித்துத் தூக்கி, விலைச்சீட்டைத் தேடிவிட்டு, பிடிக்காமல் இறக்கி வைத்தாள். மனைவி குவியலுக்குள் இடுப்புவரை இறங்கி, ஆண்கள் கோட்டு ஒன்றோடு கரையேறினாள்.

"உங்களுக்குத்தாங்க. பாவம், உடுத்த ஒண்ணுமே இல்லையே உங்களுக்கு."

"சரி. இதுக்குப் பதிலா எது வெளியே போகணும்?"

யோசித்தாள். அவள் பார்வை மெதுவாக வந்து என் மேலிருந்த சட்டையில் நின்றது.

"அதுவும் காலர் நைஞ்சுதானே கெடக்கு."

எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது. பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சட்டையை மடித்து அவள் கையில் வைத்தேன்.

"இந்தா. இதோட நான் காலி. அடுத்த தள்ளுபடிக்கு யாரை உரிப்பே?"

பக்கத்து மேஜையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. பனியனோடு வெளியே நடந்தேன். குளிரில் என் பற்கள் அடித்த சத்தத்துக்கு, நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. ஏறினேன். பின்னாலேயே ஓடிவந்து அவளும் ஏறினாள். கோட்டு இல்லை, பை இல்லை. கையில் என் சட்டை மட்டும். நீட்டினாள். நான் வாங்கவில்லை.

இரண்டு நிறுத்தம் தாண்டிச் சொன்னாள்: "மேல்தட்டுல என்னோடது பன்னெண்டு, சீட்டுகூடக் கிழிக்காம கெடக்குங்க. முதல்ல அதை வெளியே அனுப்பறேன்."

"பதினாலு," என்றேன், ஜன்னலைப் பார்த்தபடியே.