முனியாண்டியின் இரண்டாவது வாகனம்

குனோங் ராபாட்டில் ஒருவர் வேலைக்குச் சைக்கிளில் போனால், ஏன் என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது? காரைப் பேங்குக்காரன் இழுத்துக்கொண்டு போயிருப்பான். இல்லையென்றால் குடித்துவிட்டு ஓட்டி லைசன்ஸ் பறிபோயிருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஆள் இப்போதுதான் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் மருத்துவம் முடிந்து வீடு திரும்பியிருக்கிறார், பாவம், அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

தினேஸ்வரி முதன்முதலாகச் சைக்கிளில் ஏறி ஈப்போ டவுனில் தான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்குப் போன காலையில், அவள் குடியிருக்கும் தாமானில் இந்த மூன்றும் பேசப்பட்டன. எதிர்வீட்டு இருளாயி அக்கா இரும்புக் கேட்டைப் பிடித்தபடி நின்று, மூன்றையும் சேர்த்து அவள் ஒருத்தி தலையிலேயே கட்டினாள். வீட்டு வாசலில் ஏழு பேர் உட்காரும் கார் பளபளவென்று நிற்பது அக்காவின் கண்ணில் படத்தான் செய்தது. அது வாடகைக் காராக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள்.

உண்மை ரொம்பச் சாதாரணமானது. கிளினிக் பக்கம் கார் நிறுத்த இடம் தேடித் தேடியே தினேஸ்வரிக்குப் பாதி உயிர் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ரஹ்மத் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைக் கொட்டகைச் சுவரில், ஒரு கறுப்புச் சைக்கிள் தொங்குவதைப் பார்த்தாள். பெண்கள் ஓட்டுகிற வளைந்த சட்டம், அந்தக் கால இங்கிலாந்து இரும்பு. பாய் அதில் துடைப்பங்களை மாட்டி வைத்திருந்தார்.

"இத வச்சு என்னம்மா செய்யப் போறீங்க?" என்றார் பாய்.

"ஓட்டப் போறேன் பாய்."

பாய் சிரித்துவிட்டு, துடைப்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதை ஓடவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பழைய பிரேக் வெயிலில் பிடிக்கும்; மழையில் சாமியைக் கூப்பிட்டால்தான் நிற்கும். ஈப்போவில் மழை பெய்யாத சாயங்காலம் ஏது? ஆகவே இரும்பு வளையங்களைக் கழற்றிவிட்டு அலுமினிய வளையம் போட்டாள், கேபிள் பிரேக் வாங்கினாள். புது பிரேக்கின் கை பழைய சட்டத்திலிருந்து வளையத்துக்கு எட்டாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. நீளமான கை உள்ளதாகத் தேடி மறுபடியும் வாங்கினாள். பின்சக்கர நடுவில், உள்ளேயே மூன்று கியர் அடங்கிய பழைய உருளை. அதைக் கழற்றியபோது உள்ளே இருந்த ஸ்பிரிங் ஒன்று பறந்து வாழைக்கன்றுக்குள் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முட்டிபோட்டுத் தேடினாள். முன்சக்கரம் சுற்றினால் எரிகிற விளக்கு, உடுப்பில் எண்ணெய் படாமலிருக்கச் செயினுக்கு முழு மூடி, மழைக்கோட்டும் சோற்றுப் பெட்டியும் வைக்கக் கூடை, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டப் பின்னோக்கி வளைந்த பிடி. எல்லாம் சேர்ந்து ஓடத் தொடங்கியபோது, நின்றுபோன கார் வரிசையின் ஓரமாக அவள் யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

கிளினிக்கில் நாள் முழுக்க யாராவது வலியில் முனகுவார்கள். வீட்டில் கணவன் விக்னேஸ்வரன் வலியே இல்லாமல் முனகுவான். இரண்டுக்கும் நடுவில், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்துச் சாலையில், கொஞ்ச நேரம் அவள் அவளுக்கே சொந்தமாக இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இத்தனையும்.

விக்னேஸ்வரனுக்கு இது பெரிய தலைவலியாகிவிட்டது. அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஆளைப் பார்த்தால் இன்னும் பெரிய உத்தியோகம் என்று தோன்றவேண்டும் என்பதில் மட்டும் ஓயாத உழைப்பாளி. கோப்பெங் போகும் சாலையில் லின்டன் தோட்டத்து முனியாண்டி கோயில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடுகள் வந்துவிட்டன. கோயிலும் கோயிலுக்காகச் சண்டை போடுகிறவர்களும் மட்டும் போகவில்லை. அந்தக் கோயிலின் தலைவர் பதவிக்கு விக்னேஸ்வரன் நின்றிருந்தான். எதிரணியில் தர்மா, லோரி வைத்திருக்கிற குத்தகைக்காரர். அவர் காப்பிக்கடைக்குக் காப்பிக்கடை காரைப் பற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தார்: "பொண்டாட்டிக்கு ஒரு காடி வாங்கிக் கொடுக்க வக்கில்லாதவன், கோயிலுக்குக் கோபுரம் கட்டிருவானா?"

"தேர்தல் முடியற வரைக்கும் மட்டும் நிப்பாட்டேன், தினா. ரொம்ப மலுவா இருக்குலா," என்று கெஞ்சினான் விக்னேஸ்வரன்.

"மலுன்னா நீங்க கண்ண மூடிக்குங்க."

"எனக்கில்ல. கோயிலுக்கு."

"முனியாண்டி வந்து உங்ககிட்டச் சொன்னாரா, எனக்கு வெக்கமா இருக்குன்னு?"

அவன் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாளும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. காலையில் சைக்கிளைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றி, போர்வை போட்டு மூடி, தாமானைத் தாண்டி எண்ணெய் நிலையத்துக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்குவது. அங்கிருந்து அவள் ஓட்டிப் போவது. சாயங்காலம் அதே இடத்தில் ஏற்றிக்கொள்வது. சைக்கிளில் போகிறவளைச் சைக்கிளோடு சேர்த்துக் காரில் கொண்டுபோய் விடுகிற கூத்து உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

அந்தக் கூத்து நெடுநாள் நீடிக்கவில்லை. ஒருநாள் காலை, சைக்கிளைக் காருக்குப் பின்னால் சாய்த்துவிட்டு அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ தெரிந்தவர் வருவதுபோல் தெரியவே விக்னேஸ்வரன் அவசரமாகக் காரைப் பின்னுக்கு எடுத்தான். சடார் என்று ஒரு சத்தம். பின் மட்கார்டு மடங்கிப்போய்ச் சைக்கிள் கீழே கிடந்தது. தெரிந்தவர் என்று அவன் பயந்தது சரிதான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு இருளாயி அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அடிபட்டது யார், உயிர் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. விபத்து என்றால் முதலில் நம்பரைப் பார்க்கவேண்டும் என்பது நம் மக்களின் கொள்கை. கார் கவிழ்ந்தால் கார் நம்பர், லோரி மோதினால் லோரி நம்பர். பார்த்து, மனப்பாடம் செய்து, நேராக நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போகவேண்டும். நிமிஷத்தில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்து கார் நம்பரைக் குறித்துக்கொண்டது. அக்கா மட்டும் நியாயவாதி.

"மோதினதோட நம்பர் எடுத்தா போதுமா? அடிபட்டதோடதும் எடுக்கணும்லா," என்றாள்.

"சைக்கிளுக்கு ஏதுக்கா நம்பர்?" என்றாள் தினேஸ்வரி, மட்கார்டை நிமிர்த்திக்கொண்டே.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் சீட்டுக்குக் கீழே தேய் தேய் என்று தேய்த்தாள். இரும்பில் பொறித்த எண்கள் தெரிந்தன. கடைசி நாலைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணுக்கே முதல் பரிசு விழுந்தது. அக்கா சொல்லித் தாமானில் பாதிப் பேர் அதை எழுதியிருந்தார்கள்; அவர்கள் வீடுகளில் அன்று ஆட்டுக்கறி வாசனை. கார் நம்பரை நம்பியவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்தில் தர்மாவும் இருந்தார் என்று பேச்சு.

"எந்தக் காலத்துலயோ முனியாண்டி இரும்புலயே எழுதி வச்சிட்டாருலா! நம்ம கண்ணுதான் இத்தன நாளா அவிஞ்சு கிடந்துச்சு," என்று இருளாயி அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இங்கிலாந்தில் எவனோ ஒரு தொழிலாளி, காலைப் பசியோடு சுத்தியலால் அடித்துக் குத்திய எண் அது. அவன் பாவம், தான் யாருடைய கையாக வேலை பார்த்தோம் என்று தெரியாமலே செத்திருப்பான்.

அதன் பிறகு தினேஸ்வரியின் சைக்கிளுக்கு விடிந்தால் பொட்டு, பொழுது சாய்ந்தால் சூடம். பிடியில் எலுமிச்சை தொங்கியது. கிளினிக் வாசலில் முன்பின் தெரியாத ஓர் ஆள் சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த நம்பர் எதுவென்று அவளிடமே கேட்டான்.

விக்னேஸ்வரன் மற்ற எதில் மந்தமானாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் கெட்டிக்காரன். போர்வையைத் துவைத்து மடித்து வைத்தான். கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று எளிமையைப் பற்றிப் பேசினான். "எங்க குடும்பம் ஆடம்பரம் தெரியாத குடும்பம். காடி இருந்தும் சைக்கிள்ல போற குடும்பம். அந்த மனசப் பார்த்துத்தான் முனியாண்டி நம்ம வீட்டத் தேடி வந்திருக்காரு." கைதட்டல் அடங்கவில்லை. தர்மாவே தட்டினார். தலைவர் பதவி விக்னேஸ்வரனுக்குத்தான் என்று அங்கேயே முடிவாயிற்று. அந்தக் கைதட்டலின் போதையில் அவன் இன்னொன்றையும் சொல்லிவிட்டான். தேர்தலில் ஜெயித்தால் அந்தச் சைக்கிள் கோயிலுக்கு.

ஜெயித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பஸாருக்குப் போய்வந்த தினேஸ்வரி வாசலில் சைக்கிள் நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். கோயிலுக்கு ஓடினாள். முனியாண்டியின் குதிரைக்குப் பக்கத்தில், தேர்தலுக்கு முன்பே கட்டிவைத்திருந்த புதுச் சிமெண்டு மேடை, டைல்ஸ், சுற்றிலும் கம்பிக்கூண்டு, பூட்டு. உள்ளே அவளுடைய சைக்கிள். மாலை போட்டிருந்தார்கள். பாலும் மஞ்சளும் ஊற்றிக் குளிப்பாட்டியிருந்தார்கள். அவள் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த உருளையின் எண்ணெய்த் துளையில் பால் போய்த் தயிராகிக் கொண்டிருந்தது. 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை வேறு.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் பக்தி என்று நினைத்துத் திருநீறு கொடுத்தார்கள்.

"சாமிக்குக் கொடுத்தாச்சு தினா. திரும்பக் கேட்டா குத்தம்லா. உனக்குச் சின்னதா ஒரு காடி பார்க்கிறேன்," என்றான் விக்னேஸ்வரன்.

"யாரு கொடுத்தா?"

"நாமதான்."

"நான் கொடுக்கல," என்றாள். அதற்குப் பிறகு அந்த மேடையின் திறப்பு விழா வரை அவனோடு பேசவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அங்கே மற்றவர்களுடைய வேர்வைக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம், அந்தக் கொஞ்ச நேரத்தைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று மனம் கொதித்தது.

விழாவன்று கோயில் நிறைந்திருந்தது. உறுமி மேளம் காதைக் கிழித்தது. பூசாரி ஐயாவு கூண்டைத் திறந்து சைக்கிளை மேடையிலிருந்து இறக்கி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். தலைவர் பட்டு வேட்டியில் நின்றார். சூடம் காட்டி முடிந்ததும் தினேஸ்வரி முன்னால் வந்தாள்.

"ஐயாவு மாமா, ஒரு சந்தேகம். குதிர வாகனம் திருவிழாவுக்கு வெளிய போகுதுல்ல?"

"ஆமா, போவும்."

"இதுவும் வாகனம்னா இதுவும் போவணும்லா? பழத்த நசுக்கிட்டு வெளிய போகாம கூண்டுக்குள்ள நின்னா அது வாகனமா மாமா?"

ஐயாவு தாடையைச் சொறிந்தார். பல வருஷங்களாக அவரிடம் யாரும் பூசை எப்போது முடியும் என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டதில்லை. அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. "நியாயந்தான். வாகனம்னா பொறப்படணும்," என்று உரக்கச் சொன்னார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

"தலைவர் ஓட்டட்டும்! எளிமையான தலைவர்!" இது தர்மாவின் குரல்.

விக்னேஸ்வரன் சைக்கிளைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தோடு விட்டது. கீழே பட்டு வேட்டி, மேலே தொப்பை, சுற்றிலும் நூறு கைப்பேசிகள் படம் பிடிக்கக் காத்திருந்தன. "முட்டி வலி," என்று முணுமுணுத்தான். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து, "நீயே எடு. ஒரு சுத்துதான், கேட்டியா?" என்றான்.

அவள் ஏறினாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மேளம் பின்னால் வர, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினாள். கியர் கரகரத்தது, ஆனாலும் பிடித்தது. இரண்டாவது சுற்றில் வாசல் திறந்திருப்பதைப் பார்த்தாள். நேராக வெளியே போய்விட்டாள்.

ஊர்வலம் என்று நினைத்து உறுமிக்காரர்கள் பெரிய சாலை வரைக்கும் ஓடி வந்தார்கள். மூச்சு வாங்கி அங்கேயே நின்றுவிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் முழங்கையை உரசிக்கொண்டு போகிற லோரிகள் மாலையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டன. காற்றில் மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்; கண்ணில் தண்ணீரும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உருளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டாள்.

தலைவரின் மனைவி சாமி வாகனத்தைக் கடத்திக்கொண்டு போனாள் என்று சொல்ல நிர்வாகத்துக்கு வாய் வரவில்லை. தலைவர் வீட்டுச் சைக்கிளை மனைவியைக் கேட்காமல் தூக்கி வந்தார் என்று சொல்லவும் முடியவில்லை. கூடிப் பேசி அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார்கள்: வாகனப் புறப்பாடு, திங்கள் முதல் சனி வரை, காலையில் குனோங் ராபாட்டிலிருந்து டவுனுக்கு, மாலையில் திரும்பல்.

தினேஸ்வரி வேலைக்குப் போகிறாள், வருகிறாள். வந்ததும் சைக்கிளை வீட்டு வாசலின் நட்டநடுவில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறாள். முதல் நாள் அதை ஓரமாகத் தள்ளிக் காரை ஏற்றலாம் என்று விக்னேஸ்வரன் கிட்டே போனான்.

"தலைவரே!" என்று எதிர்வீட்டுக் கேட்டிலிருந்து இருளாயி அக்கா சத்தம் போட்டாள். "சாமி வண்டிலா அது! சப்பாத்த கழட்டிட்டுத் தொடுங்க. குளிச்சிட்டீங்களா?"

அவன் சப்பாத்தைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். ஏழு பேர் உட்காரும் கார் அன்றிலிருந்து வெளியே ரோட்டோரத்தில், வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.